தொப்பி யாருடையது?

குறியீட்டு வாசிப்பு என்ற பெயரில் நம் மேசைக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. ஆந்தை இருந்தால் இருள், பாம்பு இருந்தால் வஞ்சகம், பிறை இருந்தால் பெண்மை, கழுதை இருந்தால் அறியாமை. மாந்திரீகம் சார்ந்த கற்பனை ஓவியம் என்றால் கேட்கவே வேண்டாம். மண்டையோடு, கொப்பரை, கறுப்புப் பூனை, அண்டங்காக்கை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொருள் எழுதப்பட்டிருக்கும். கடைசிப் பத்தியில் மனித மனத்தின் இருண்ட பக்கம் தவறாமல் வந்துவிடும். எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, அல்லது படத்தில் உள்ள சாமான்களைக் கணக்கெடுத்தாரா என்ற சந்தேகம் நமக்கு எழாமல் இருப்பதில்லை.

இது மாந்திரீகக் கற்பனை ஓவியங்களுக்கான சிறப்பிதழ். பொதுவாக அறிவுரை சொல்வதைவிட ஒரே ஒரு ஓவியத்தை முன்னால் வைத்துப் பேசுவது பயன்படும் என்று நினைத்து, ஃபிரான்சிஸ்கோ கோயா 1797–98இல் வரைந்த 'சூனியக்காரிகளின் பறப்பு' என்ற படத்தை எடுத்துக்கொண்டோம். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்தது 1999இல்தான். டேனி பாயில் இயக்கிய 'டிரான்ஸ்' (2013) பார்த்தவர்களுக்கு இது பழகிய படம். அந்தக் கதையில் ஏலக்கூடத்திலிருந்து திருடப்படுவது இதுவே.

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும். உயரம் 43.5 செ.மீ., அகலம் 30.5 செ.மீ. ஏ3 தாளைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். வகுப்பறையில் ப்ரொஜெக்டர் போட்டு ஆறடி உயரத்துக்கு விரித்துக் காட்டும்போது, மாணவர்கள் இதை ஏதோ தேவாலயச் சுவரில் ஊரே அண்ணாந்து பார்த்த படம் என்று எண்ணிவிடுகிறார்கள். கையெட்டும் தூரத்தில் நின்று ஒருவரோ இருவரோ சேர்ந்து பார்க்கவேண்டிய படம் இது. வீட்டுக்குள், விருந்தாளியோடு பேசிக்கொண்டே பார்ப்பதற்கானது. அளவை மறந்தால் தொனி தப்பிவிடும். தொனி தப்பினால் எந்தக் குறியீட்டையும் பிடிக்க முடியாது.

பின்னணி முழுக்கக் கருமை. வானமா, மலையிருட்டா என்று பிரிக்கத் தோன்றாத கருமை. மேல்பாதியில் மூன்று பேர் காற்றில் மிதக்கிறார்கள். இடுப்புக்கு மேல் துணியில்லை. தலையில் உயரமான கூம்புத் தொப்பி. நிர்வாணமான ஒருவனைத் தங்களுக்கு நடுவே ஏந்திப் பிடித்து, மூவரும் அவன் உடம்பில் வாய் வைத்திருக்கிறார்கள். அவன் கைகளை விரித்துத் துவள்கிறான். கீழே பாதை போன்ற ஒரு மேடு. அதில் ஒருவன் வெள்ளைத் துணியைத் தலைவழியே போர்த்திக்கொண்டு தட்டுத்தடுமாறி நடக்கிறான். இன்னொருவன் தரையில் விழுந்து காதுகளைப் பொத்திக்கொண்டிருக்கிறான். வலப்புறம் ஒரு கழுதை, தலைக்குமேல் நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நிற்கிறது.

துடைப்பக் கட்டை இல்லை, கொப்பரை இல்லை, பூனை இல்லை. ஐரோப்பியச் சித்திர மரபு சூனியக்காரிக்கென்று ஒதுக்கிவைத்த தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றுகூட இங்கே கிடையாது. பறக்கிறவர்களின் மார்பையும் தோளையும் பார்த்தால் ஆண்கள் என்றே சொல்லத் தோன்றும். பட்டியல் போட்டு வாசிப்பவருக்கு இந்தப் படத்தில் கிடைப்பது கழுதை மட்டுமே. அதைப் பிடித்துக்கொண்டு 'அறியாமை' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். தொப்பியை அவர் பார்ப்பதேயில்லை. சூனியக்காரி என்றால் கூம்புத் தொப்பி இருக்கத்தானே செய்யும் என்று சிறுவர் கதைப் புத்தகங்கள் அவருக்குச் சொல்லிவைத்திருக்கின்றன.

இந்தத் தொப்பி அந்தத் தொப்பியல்ல. இதற்கு ஸ்பெயினில் 'கொரோசா' என்று பெயர். இன்குவிசிஷன் என்ற திருச்சபை விசாரணை மன்றம் யாரைக் குற்றவாளி என்று தீர்மானித்ததோ அவர் தலையில் இதை மாட்டி ஊர் பார்க்க நடத்திச் சென்றது. காகித அட்டையில் செய்தது. உடம்பில் 'சான்பெனிட்டோ' என்ற அவமான அங்கி. அங்கியில் தீட்டிய தீநாக்குகள் மேல்நோக்கி இருந்தால் ஆள் எரிக்கப்படப் போகிறார். கீழ்நோக்கி இருந்தால் கடைசி நேரத்தில் மனம் திரும்பி உயிரோடு எரிபடுவதிலிருந்து தப்பியவர். பார்க்கிறவனுக்கு எழுத்து தெரியவேண்டிய அவசியமே இல்லை. கோயா வரைந்த தொப்பிகளிலும் நெளிநெளியான சிறு வடிவங்கள் உண்டு. பாம்பு என்று சொல்வோர் இருக்கிறார்கள், தீநாக்கு என்று சொல்வோரும் இருக்கிறார்கள். தீ என்றே கொண்டால், அது மேல்நோக்கி எழும் தீ.

கோயாவுக்கு இந்தத் தொப்பி பழங்கதை அல்ல. செவில் நகரில் 1781இல் மரியா தெ லோஸ் தோலோரெஸ் லோபெஸ் என்ற பார்வையற்ற பெண்ணுக்கு இந்த மன்றத்தின் தீர்ப்பால் மரண தண்டனை நிறைவேறியது. கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு உடலை எரித்தார்கள். அப்போது கோயாவுக்கு வயது 35. பின்னாளில், 1810களில், விசாரணை மன்றக் காட்சி ஒன்றைத் தனிப் படமாகவே வரைந்தார். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இதே நெடிய தொப்பியோடு தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1815இல் 'நிர்வாண மாஹா' ஓவியத்துக்காக அவரையே மன்றம் விளக்கம் கேட்டு அழைத்தது. மன்றம் முற்றாக ஒழிந்தது 1834இல், கோயா இறந்து ஆறு ஆண்டு கழித்து.

ஆக, பறக்கும் மூவரின் தலையில் இருப்பது தண்டனை பெற்றவரின் தொப்பி. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறொன்று தட்டுப்படும். சாதாரணக் கொரோசா ஒற்றைக் கூம்பு. கோயாவின் தொப்பி உச்சியில் பிளந்து இரு முனையாக நிற்கிறது. ஆயர்கள் திருப்பலியின்போது அணியும் தலையணியின் வடிவம் அது. தண்டிக்கப்பட்டவனின் தொப்பியையும் தண்டிக்கும் சபையின் தொப்பியையும் ஒரே தலையில் வைத்து வரைந்திருக்கிறார். சூனியம் செய்கிறவர் யார், அதைச் சொல்லி ஆளை எரிக்கிறவர் யார் என்ற கேள்வியை, ஒரு சொல்கூட எழுதாமல், அட்டைத் தொப்பியின் உச்சியில் ஒரு வெட்டுப் போட்டுக் கேட்டுவிட்டார். மன்றம் உயிரோடு இருந்த நாட்டில் இதைவிட வெளிப்படையாகக் கேட்டிருக்கவும் முடியாது. எந்தக் குறியீட்டு அகராதியைப் புரட்டினாலும் இந்த வெட்டு அகப்படாது. கோயாவின் ஊரில் அந்தப் பொருள் யார் தலையில் ஏறியது, யார் ஏற்றினார்கள் என்று கேட்டவருக்குத்தான் அகப்படும்.

இனி கழுதைக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே 'என்னைப் பார் யோகம் வரும்' என்ற வாசகத்தோடு மாட்டியிருக்கும் கழுதைப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்தை ஸ்பானிய விமர்சகர் ஒருவர் பார்த்து, தமிழ் வணிகர்கள் தங்கள் அறியாமையைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். அதே வேலையைத் திருப்பி நாம் செய்கிறோம். கோயாவின் கழுதையை வாசிக்க வேண்டுமானால் கோயாவின் மற்றக் கழுதைகளிடம் போகவேண்டும். அதிர்ஷ்டவசமாக அவை நிறையவே உண்டு.

1799 பிப்ரவரியில் 'காப்ரிச்சோஸ்' என்ற 80 எட்சிங் படங்களின் தொகுப்பை கோயா விற்பனைக்கு வைத்தார். 37 முதல் 42 வரை உள்ள தகடுகளில் கழுதைகளின் ராஜ்யம். கழுதை வாத்தியார் குட்டிக் கழுதைக்கு எழுத்து சொல்லித் தருகிறார்; கழுதை ஒன்று தன் வம்சாவளிப் புத்தகத்தைப் பெருமையோடு திறந்து காட்டுகிறது; கழுதை டாக்டர் நோயாளியின் கைநாடி பார்க்கிறார்; கடைசித் தகட்டில் இரண்டு ஏழை மனிதர்கள் இரண்டு கழுதைகளை முதுகில் சுமக்கிறார்கள். ஆக, அறியாமை என்ற வாசிப்பு தப்பில்லை. ஆனால் இது மந்தபுத்தி அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் அறியாமை. பள்ளியும் மருத்துவமும் குலப்பெருமையும் அதன் கையில் இருக்கின்றன. 'கழுதை = அறியாமை' என்று சமன்பாடு எழுதுகிறவர் இந்தக் காரத்தை இழந்துவிடுகிறார்.

அதே தொகுப்பில் 24ஆம் தகடு இருக்கிறது. நம் விவாதத்துக்கு இதுதான் முக்கியம். மேலாடை உருவப்பட்ட ஒரு பெண், தலையில் கொரோசாவோடு, கூட்டத்தின் நடுவே அழைத்துச் செல்லப்படுகிறாள். அவள் உட்கார்ந்திருப்பது கழுதையின் மேல். தண்டனை பெற்றவரைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது அந்த நாட்டின் அன்றைய வழக்கம். கழுதையும் கொரோசாவும் சேர்ந்து வந்தால் மாட்ரிட்காரர் ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வந்திருப்பது அறியாமை அல்ல, தெருவில் பார்த்த தண்டனை ஊர்வலம். 'சூனியக்காரிகளின் பறப்பு' அந்த ஊர்வலத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறது என்பது எங்கள் வாசிப்பு. கழுதை ஆளில்லாமல் கீழே நிற்கிறது. தொப்பிகள் மேலே போய்விட்டன. துன்புறும் உடல் ஊரார் கைக்கு எட்டாத உயரத்தில், தொப்பி வைத்தவர்களின் பிடியில் இருக்கிறது. ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க வேண்டிய ஊரார் இருவரும் கண்ணை மூடிக்கொண்டும் காதைப் பொத்திக்கொண்டும் ஒதுங்குகிறார்கள். இந்த வாசிப்பை ஏற்காதவர்கள் எழுதலாம். ஆனால் மறுப்புக்கு ஆதாரமாக அகராதியைக் காட்டாதீர்கள், கோயாவின் இன்னொரு படத்தைக் காட்டுங்கள்.

கீழே நடப்பவனின் கையைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும். கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைத்து முஷ்டி பிடித்திருக்கிறான். மத்திய தரைக்கடல் நாடுகளில் தீயகண் அண்டாமல் இருக்கக் காட்டும் முத்திரை அது. பூசணிக்காயும் திருஷ்டி பொம்மையும் தெரிந்த நமக்கு உடனே புரிந்துவிடும், அதனாலேயே சட்டென்று கடந்துவிடுவோம். கடக்காமல் நின்றால் படத்தின் கேலி பிடிபடும். அவன் துணியைப் போர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டான். கண்ணேறு கழிக்கும் முத்திரையை எந்தத் திசையில் காட்டுகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. மேலே ஒரு மனிதன் துவள்கிறான். இவன் தன் பங்குக்குச் சடங்கைச் செய்துவிட்டு நடையைக் கட்டுகிறான்.

காதைப் பொத்திக் கிடப்பவனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1792–93இல் வந்த கடும் நோயில் கோயா செவித்திறனை இழந்தார். அதனால் அந்த உருவம் ஓவியரே என்று எழுதும் ஆசை யாருக்கும் வரும். காது கேளாதவர் காதைப் பொத்த வேண்டிய தேவை என்ன என்று ஒரு நொடி யோசித்தால் பேனா நின்றுவிடும். வாழ்க்கை வரலாற்றைப் படத்துக்குள் திணிப்பதும் அகராதியைத் திணிப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு வடிவங்கள்.

மூவரின் வாய் என்ன செய்கிறது? ரத்தம் உறிஞ்சுகிறதா, காற்றை ஊதுகிறதா? இது இன்றுவரை இரு தரப்பாக வாதிடப்படும் இடம். உறிஞ்சுகிறார்கள் என்றால் அவன் பலி. ஊதுகிறார்கள் என்றால் அவனுக்குள் எதையோ புகுத்துகிறார்கள். அது மூடநம்பிக்கையாகவும் இருக்கலாம், அறிவாகவும் இருக்கலாம். காப்ரிச்சோஸில் இரண்டுக்கும் சாட்சி உண்டு. 45ஆம் தகட்டில் சூனியக்கிழவிகள் கூடை நிறையக் குழந்தைகளை வைத்துக்கொண்டு உறிஞ்சுவதற்குத் தயாராக இருக்கிறார்கள். 69இல் ஒரு குழந்தையையே துருத்தியாகப் பிடித்து நெருப்பை ஊதுகிறார்கள். பறப்பவர்களின் கன்னம் உப்பியிருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று நல்ல அச்சுப்பிரதியை வைத்து மாணவர்களோடு ஒரு மணி நேரம் வாதாடலாம். வாதாட வேண்டும். தீர்ப்புச் சொல்லி முடிக்கத் தேவையில்லை. இங்கே முடிவெடுக்காமல் விடுவதுதான் நேர்மையான வாசிப்பு என்பது நம் கருத்து. ஏனெனில் பலியா, உபதேசமா என்ற குழப்பம் அந்த மன்றத்துக்கே உரியது. ஆன்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் அவர்கள் உடலை எரித்தார்கள்.

இவ்வளவு கனமாகப் பேசிவிட்டு, இந்தப் படம் முதலில் எங்கே தொங்கியது என்பதைச் சொல்லாவிட்டால் நாமும் தொனியைத் தவறவிட்டவர்கள் ஆவோம். 1798இல் இதையும் சேர்த்து ஆறு மாந்திரீகப் படங்களை ஒசூனா பிரபு குடும்பம் 6,000 ரியாலுக்கு வாங்கியது. மாட்ரிட் அருகே இருந்த அவர்களுடைய தோட்ட மாளிகைக்காக. பிரபுவின் மனைவி மரியா ஹோசெஃபா பிமெந்தெல் படிப்பாளி, மாட்ரிட் பொருளாதாரச் சங்கத்தின் பெண்கள் அவைக்குத் தலைமை தாங்கியவர், நாடகக்காரர்களை ஆதரித்தவர். ஆறில் இரண்டு படங்கள் மேடை நாடகக் காட்சிகள். ஒன்று டான் ஹுவான் கதை. இன்னொன்று, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது, அந்தோனியோ தெ சமோராவின் நகைச்சுவை நாடகத்திலிருந்து எடுத்தது: விளக்கு அணைந்தால் தன் உயிரும் போய்விடும் என்று நம்பவைக்கப்பட்ட ஒரு கோழை, ஆட்டுத்தலைப் பேய் நீட்டும் விளக்கில் வாயைப் பொத்திக்கொண்டு எண்ணெய் ஊற்றுகிறான். பின்னால் கழுதைகள் நிமிர்ந்து நின்று ஆடுகின்றன. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நம் படத்தையும் பார்த்திருக்கிறார்கள். கருமையின் நடுவே உடல்களின்மேல் மட்டும் விழும் வெளிச்சமும் மேடை வெளிச்சம்தான். அறிவொளிக்காலத்து மேட்டுக்குடி வீட்டில், சூனியத்தில் நம்பிக்கையில்லாதவர்கள் சூனியக் காட்சியைப் பார்த்துச் சிரித்த படம். சிரிப்பு பாதியில் தொண்டையில் சிக்கியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குச் சிரிக்கக் காரணமும் இருந்தது. 1610இல் லோக்ரோன்யோ நகரில் நடந்த சூனிய விசாரணையில் 11 பேருக்கு எரிப்புத் தண்டனை. அதில் 5 பேர் முன்பே இறந்துவிட்டதால் அவர்களுடைய உருவப் பொம்மைகள் எரிக்கப்பட்டன. தீர்ப்பளித்த மூவரில் ஒருவரான அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸ் பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்தார். சூனியக் களிம்பு என்று கொண்டுவந்ததை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றும் ஆகவில்லை. சூனியத்தைப் பற்றிய பேச்சும் எழுத்தும் வந்த பிறகுதான் சூனியக்காரர்களும் வந்தார்கள் என்று 1612இல் தன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் 1614இல் ஆதாரங்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியதால் ஸ்பெயினில் சூனிய வேட்டை அடங்கியது. கோயாவின் நண்பரான நாடகாசிரியர் மொரத்தின், அந்த லோக்ரோன்யோ தண்டனை விவரத்தையே கேலிக் குறிப்புகளோடு பின்னாளில் மறுபதிப்பு செய்தார். சூனியத்தைத் துரத்தி ஓய்ந்த பிறகும் தொப்பி மட்டும் வேறு தலைகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்டில் இந்த ஓவியம் பிறந்தது.

எல்லாப் படமும் இப்படி விரித்துப் பார்க்க இடம் தராது என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸின் 'மாய வட்டம்' (1886) டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் பாம்பு, கையில் பிறை வடிவ அரிவாள், தரையில் வட்டம், வெளியே அண்டங்காக்கைகள், மண்டையோடு. அகராதிக்காரர்களுக்கு விருந்து. ஆனால் அந்தப் பொருள்கள் வெவ்வேறு காலங்களிலும் நாடுகளிலும் இருந்து அழகுக்காகச் சேர்த்தவை. விக்டோரியா காலத்து லண்டனில் யாரும் அவற்றுக்கு அஞ்சவில்லை, யாரும் அவற்றால் தண்டிக்கப்படவும் இல்லை. அங்கே வாசிக்கவேண்டியது காக்கையை அல்ல, பெண்ணை மந்திரக்காரியாக வரைந்து பார்ப்பதில் அந்தக் காலத்து ஆண்களுக்கு இருந்த ஆர்வத்தை. அது இன்னொரு கட்டுரை. இந்த இதழிலேயே எழுதக் கேட்டோம், யாரும் முன்வரவில்லை.

அருங்காட்சியக வழிகாட்டிகளுக்கும் ஓவியக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்வையாளர் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டதும் பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொருளை அந்த ஓவியர் வேறெங்கே வரைந்திருக்கிறார், அவர் தெருவில் அது யார் கையில் இருந்தது, படத்தைக் காசு கொடுத்து வாங்கியது யார் என்று பதிலுக்கு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் ஒரு ஓவியம், அதில் ஒரே ஒரு பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தின் அளவு, இப்போது இருக்கும் இடம், முதலில் வைத்திருந்தவர் ஆகிய மூன்றும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். அதே ஓவியரின் குறைந்தது இன்னொரு படத்தையாவது ஒப்பிட்டிருக்க வேண்டும். தீர்மானிக்க முடியாத இடத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே எழுதி அனுப்புங்கள். அதைக் காரணம் காட்டி எந்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.